ஸ்டீயரிங்குக்குள் ஒயர் எப்படிப் போகிறது?

காரின் கதவில் ஒரு ஸ்பீக்கரையோ டிக்கியில் ஒரு சிறு விளக்கையோ கூடுதலாகப் பொருத்துவது எந்த ஆட்டோ எலக்ட்ரீசியனுக்கும் அரைமணி நேர வேலை. அதே எலக்ட்ரீசியனிடம், ஸ்டீயரிங்கில் பாட்டின் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் நாலு பொத்தான் வைத்துத் தர முடியுமா என்று கேட்டால், அவர் உடனே சரி என்று சொல்லமாட்டார். அவரைத் தயங்கவைப்பது பொத்தான் அல்ல, ஸ்டீயரிங் சுழல்கிறது என்பதுதான். கதவும் அசையத்தான் செய்கிறது. ஆனால் அது ஒரே வளைவில் போய் வருவதால், ரப்பர் குழாய்க்குள் ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டால் போதும். ஸ்டீயரிங்கோ இடது கோடியிலிருந்து வலது கோடி வரை பெரும்பாலான கார்களில் மூன்று முதல் மூன்றரைச் சுற்று வரை சுற்றுகிறது. சாதாரண ஒயரை நேராக அதில் கட்டிவிட்டால், முதல் யூ-டர்னிலேயே அது தண்டில் சுற்றிக்கொண்டு அறுந்துவிடும், அல்லது அறுவதற்கு முன்னால் ஸ்டீயரிங்கையே பிடித்து நிறுத்தப் பார்க்கும். அறுந்தால் பொத்தானோடு போயிற்று. பிடித்து நிறுத்தினால் ஓட்டுபவருக்கே ஆபத்து.

ஆகவே, நிற்கிற வண்டியிலிருந்து சுழல்கிற சக்கரத்துக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதுதான் இங்கே அடிப்படைக் கேள்வி. ஹாரன், ஏர்பேக், ஸ்டீரியோ பொத்தான், வண்டியின் வேகத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளும் குரூஸ் பொத்தான் என்று ஸ்டீயரிங்கில் இருக்கிற எல்லாமே இந்த ஒரு குறுகலான வழியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வழி எப்படி அமைந்திருக்கிறது என்று புரிந்துவிட்டால், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கிவிடும்.

ஹாரன் என்ற முதல் பொத்தான்

பழைய கார்களில் ஸ்டீயரிங்கில் மின்சாரம் சம்பந்தப்பட்டது ஹாரன் மட்டும்தான். அதற்கான ஏற்பாடும் எளிமையானது. ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு செம்பு வளையம் இருக்கும். நிலையாக நிற்கிற பக்கத்தில் சிறு ஸ்பிரிங்கால் தள்ளப்படும் ஒரு முனை அந்த வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றினாலும் தொடர்பு விடாது. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடினாலும் ராட்டினம் தன் இடத்திலேயே நிற்பதைப் போல, வளையம் ஓடும், முனை நிற்கும்.

இதில் புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. மின்சுற்று முழுமையாக இரண்டு ஒயர் வேண்டுமே, வளையம் ஒன்றுதானே இருக்கிறது என்று கேட்பார்கள். இரண்டாவது ஒயர், ஸ்டீயரிங் தண்டேதான். காரின் உடல் முழுவதும் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இதைத்தான் எர்த் அல்லது பாடி எர்த் என்கிறோம். இரும்புத் தண்டும் அந்த உடலோடு தொடர்பில் இருப்பதால், ஹாரன் பொத்தான் செய்வதெல்லாம் வளையத்திலிருந்து வரும் ஒயரை எர்த்தோடு சேர்த்துவைப்பது மட்டுமே. தண்டின் நடுவில் அதிர்வைத் தாங்க ரப்பர் இணைப்பு வைத்த வண்டிகளில், ரப்பரைத் தாண்டி எர்த் போவதற்காக ஒரு சிறு பின்னல் ஒயர் போட்டிருப்பார்கள். ஸ்டீயரிங் வேலை பார்த்துவிட்டு அதைத் திரும்ப மாட்ட மறந்தால் ஹாரன் அடிக்காது. ஹாரனையும் பியூஸையும் மாற்றி மாற்றிப் பார்த்துச் சலித்த பிறகுதான் அந்த ஒயர் நினைவுக்கு வரும்.

சரி, ஹாரனுக்குத் தேவையான மின்சாரம் முழுவதும் அந்தப் பொத்தான் வழியாகவா போகிறது? இல்லை. ஒரு ஜோடி ஹாரன் ஏறத்தாழ 10 ஆம்பியர் வரை இழுக்கும். அவ்வளவு மின்னோட்டத்தைக் கட்டைவிரல் அகலப் பொத்தானில் தினமும் நூறு முறை இணைத்து அறுத்தால் (நம் ஊர்ச் சாலைகளில் நூறு என்பது குறைந்தபட்சக் கணக்கு) அதன் முனைகள் கருகிவிடும். அதனால் இடையில் ரிலே வைக்கிறார்கள். ரிலே என்பது, சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிற காந்த சுவிட்ச். அதன் உள்ளே ஒரு கம்பிச்சுருள் இருக்கிறது. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, பக்கத்தில் உள்ள கனமான முனைகளைச் சேர்த்துவைக்கிறது. கடைகளில் கிடைக்கும் சாதாரண நான்கு கால் ரிலேயைத் திருப்பிப் பார்த்தால் 30, 85, 86, 87 என்று எண்கள் பொறித்திருக்கும். 30-இல் பியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ் வரும். 87 ஹாரனுக்குப் போகும். 85-உம் 86-உம் சுருளின் இரண்டு முனைகள். அவற்றில் ஒன்றுக்குப் பாசிட்டிவ் கொடுத்து, மற்றொன்றை ஸ்டீயரிங் பொத்தானுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த முனைக்கு எர்த் கிடைக்கும், ரிலே ‘டிக்’ என்று ஒட்டும், ஹாரன் அலறும்.

இந்த அமைப்பின் அழகு எனக்குப் பிடித்தமானது என்பதால் ஒரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரிலே சுருளின் மின்தடை 80 ஓம் என்று வைத்துக்கொண்டால், 12 வோல்ட்டில் அதில் பாய்வது 12 வகுத்தல் 80, அதாவது 0.15 ஆம்பியர்தான். ஸ்டீயரிங்குக்குள் போகிற ஒயர் என்றாவது தேய்ந்து இரும்பில் பட்டுவிட்டால்கூட அதற்கு மேல் மின்னோட்டம் போகச் சுருள் விடாது. ஹாரன் தானாக அலறும், தெருவே திரும்பிப் பார்க்கும், ஆனால் ஒயர் எரியாது. பாசிட்டிவ் ஒயரை நேராக ஸ்டீயரிங்குக்குள் கொண்டுபோயிருந்தால் அதே தேய்மானம் தீப்பொறியில் முடிந்திருக்கும். ஆகவே ஸ்டீயரிங்குக்குள் புதிதாக எதைக் கொண்டுபோவதாக இருந்தாலும், உள்ளே சிறிய மின்னோட்டம், வெளியே ரிலே என்ற இந்த முறையைத்தான் பின்பற்ற வேண்டும்.

கிளாக் ஸ்பிரிங்

வளையமும் முனையும் ஹாரனுக்குப் போதும். முனை ஒரு நொடி துள்ளினாலும், வளையத்தில் கொஞ்சம் தூசு படிந்தாலும், ஹாரன் சற்றுக் கரகரக்கும், அவ்வளவுதான். ஏர்பேக் வந்தபோது இந்தத் தாராளம் செல்லவில்லை. மோதல் நேர்ந்து ஒரு வினாடியின் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் பை விரிந்தாக வேண்டும். அந்தக் கணத்தில் முனை துள்ளிக்கொண்டிருக்கக் கூடாது. ஆகவே, தொட்டு உரசாமல், அறுபடாத ஒரே ஒயராக நிலையான பக்கத்தையும் சுழலும் பக்கத்தையும் இணைக்கிற வழி தேவைப்பட்டது. அதுதான் கிளாக் ஸ்பிரிங். சில கம்பெனிகள் ஸ்பைரல் கேபிள் என்கின்றன. பழைய கடிகாரத்துக்குள் இருக்கும் சுருள்வில்லைப் போல் தோன்றுவதால் இந்தப் பெயர். உண்மையில் அதில் ஸ்பிரிங் எதுவும் இல்லை.

பழுதான ஒன்று கிடைத்தால் பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம். கைக்கு அடக்கமான, தட்டையான பிளாஸ்டிக் டப்பா. நடுவில் ஸ்டீயரிங் தண்டு நுழைய ஓட்டை. மூடியைக் கழற்றினால், உள்ளே பழைய கேசட்டின் நாடாவைப் போல, ஆனால் அதைவிட அகலமாக, ஒரு மெல்லிய பட்டை சுருண்டு கிடக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் பட்டைக்குள் இழை இழையாகச் செம்புக் கோடுகள் தெரியும்; ஒவ்வொரு கோடும் ஒரு ஒயர். இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் ஒன்றோடொன்று படாது. பட்டையின் ஒரு நுனி டப்பாவின் நிலையான பாகத்தில், மறுநுனி ஸ்டீயரிங்கோடு சுழலும் பாகத்தில். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் பட்டை நடுவை நோக்கி இறுகிச் சுருளும். மறுபக்கம் திருப்பினால் தளர்ந்து வெளிச்சுவரோடு ஒட்டிக்கொள்ளும். எங்கும் உரசல் இல்லை, தொடர்பு எப்போதும் விடுவதில்லை. விலையாக நாம் கொடுப்பது ஒன்றே: பட்டைக்கு ஒரு நீளம் உண்டு, ஆகவே இத்தனை சுற்றுக்கு மேல் அது திரும்பாது.

இந்த எல்லைதான் பல பட்டறைகளில் சறுக்குகிற இடம். என் பழைய காரில் ஸ்டீயரிங் ஜாயின்ட் மாற்றுவதற்காகத் தண்டைக் கழற்றினார்கள். வேலை முடிந்து வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது, ஹாரனும் அடித்தது. மூன்று வாரம் கழித்து, குறுகலான ஒரு சந்தில் வண்டியைத் திருப்புவதற்காக ஸ்டீயரிங்கை முழுக்க வலப்பக்கம் ஒடித்தபோது, உள்ளே காகிதம் கிழிவது போல ஒரு சத்தம் கேட்டது. அந்த நொடியிலிருந்து ஹாரன் இல்லை, மீட்டரில் ஏர்பேக் விளக்கு அணையவில்லை. அன்றைக்கு நடந்ததற்கும் மூன்று வாரத்துக்கு முந்தைய வேலைக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்கு முதலில் தோன்றவே இல்லை.

தொடர்பு இதுதான். பட்டை மொத்தம் ஐந்து சுற்று தாங்கும் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நேராக நிற்கும்போது பட்டை சரியாக நடுவில் இருந்தால், இடப்பக்கம் இரண்டரை, வலப்பக்கம் இரண்டரை என்று இருப்பு இருக்கும். ஸ்டீயரிங் மொத்தம் மூன்றரைச் சுற்று, அதாவது பக்கத்துக்கு ஒன்றே முக்கால் சுற்றுதான் திரும்புகிறது. ஆகவே முக்கால் சுற்று மிச்சம். தண்டைக் கழற்றியிருந்த நேரத்தில் யாரோ கிளாக் ஸ்பிரிங்கை ஒரு சுற்றுத் தெரியாமல் திருப்பி மாட்டிவிட்டால் இடப்பக்கம் மூன்றரை, வலப்பக்கம் ஒன்றரை என்று ஆகிவிடும். தேவை ஒன்றே முக்கால், இருப்பு ஒன்றரை. சாதாரணமாக ஓட்டும்போது யாரும் கோடி வரை திருப்புவதில்லை என்பதால் ஒன்றும் தெரியாது. என்றைக்கு முழுக்க ஒடிக்கிறோமோ அன்றைக்குப் பட்டை கிழியும்.

இதைத் தவிர்க்க, ஸ்டீயரிங்கைக் கழற்றுவதற்கு முன்பே முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, தண்டு திரும்பிவிடாதபடி பூட்டிவைத்து, கிளாக் ஸ்பிரிங்கின் மீது ஒரு துண்டு டேப்பை ஒட்டி அசையாமல் செய்ய வேண்டும். நடு தவறிப்போய்விட்டால், டப்பாவை மெதுவாக ஒரு பக்கம் இறுகும் வரை திருப்பி, அங்கிருந்து மறுபக்கம் இறுகும் வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வர வேண்டும். பெரும்பாலான டப்பாக்களில் நடுவைக் காட்ட அம்புக்குறியோ சிறு கண்ணாடித் துளையோ இருக்கும். புதிதாக வாங்கும் கிளாக் ஸ்பிரிங் நடுவில் பூட்டப்பட்டே வருகிறது. அந்தப் பூட்டை மாட்டி முடித்த பிறகுதான் எடுக்க வேண்டும். ஆர்வத்தில் முதலிலேயே எடுத்துவிட்டுச் சுற்றிப் பார்ப்பவர்கள் உண்டு.

பட்டை என்பது தேயும் பொருள்தான். 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகெங்கும் சுமார் 64 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, சொல்லப்பட்ட குறைகளில் ஒன்று இந்த ஸ்பைரல் கேபிள் சேதமாகி ஏர்பேக் செயலிழக்கக்கூடும் என்பது. உங்கள் வண்டியில் ஹாரன், ஸ்டீரியோ பொத்தான், ஏர்பேக் விளக்கு மூன்றும் ஒரே நேரத்தில் தகராறு செய்தாலோ, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சரசரவென்று சத்தம் வந்தாலோ, முதல் சந்தேகம் இதன் மீதுதான் விழ வேண்டும். ஹாரன் மட்டும் இல்லை என்றால் பியூஸ், ரிலே, ஹாரன் என்று வெளியிலிருந்து தேடுவது நல்லது.

சிட்ரோயன் கம்பெனி 2004-இல் வெளியிட்ட சி4 காரில் இந்தச் சிக்கலை வேறு விதமாகக் கையாண்டது: வெளிவட்டம் மட்டும் சுழலும், பொத்தான்களும் ஏர்பேக்கும் இருக்கும் நடுப்பகுதி அசையாமல் நிற்கும். கேட்க எளிமைதான், ஆனால் பல்சக்கரங்களை வைத்துச் செய்ய வேண்டியிருந்த அந்த வழி மற்றக் கம்பெனிகளில் பரவவில்லை.

மஞ்சள் ஒயர்

ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியைத் திறந்தால் மஞ்சள் நிறக் கப்ளரோ (ஒயர்களை இணைக்கும் பிளக்) மஞ்சள் உறை போட்ட ஒயரோ கண்ணில் படும். அது ஏர்பேக்கின் வழி. இந்தியாவில் விற்கப்படும் புதிய கார்களில் ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலை 1 முதல் கட்டாயம் என்பதால், அண்மைக்கால வண்டி எதுவானாலும் இது இருக்கும் என்று நினைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஏர்பேக்கின் உள்ளே ஒரு சிறு தீமூட்டி இருக்கிறது. அதன் மின்தடை ஏறத்தாழ 2 ஓம். ஒன்றேகால் ஆம்பியர் அளவு மின்னோட்டம் இரண்டு மில்லி வினாடி பாய்ந்தாலே அது பற்றிவிடும். முன்பு சொன்ன ஹாரனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஹாரன் இழுப்பதில் கால் பங்கு போதும். எலக்ட்ரீசியன்கள் ஒயரில் கரண்ட் வருகிறதா என்று பார்க்க டெஸ்ட் பல்பு வைத்திருப்பார்களே, அதை மஞ்சள் ஒயரில் வைத்துவிட்டால் அந்தப் பல்பு இழுக்கும் மின்னோட்டமே தீமூட்டிக்குப் போதுமானதாகிவிடலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து ஏர்பேக்கைச் சோதிப்பதும் கூடாது. மீட்டரும் அளப்பதற்காகத் தன் பங்குக்கு ஒரு மின்னோட்டத்தை அனுப்புகிறது. புதிய பொத்தானுக்கு எர்த் தேடுகிறவர்கள் பக்கத்தில் இருக்கிறதே என்று மஞ்சள் கப்ளரிலிருந்து எடுப்பது இதிலெல்லாம் மோசமானது.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்பதும் சரியல்ல. மோதலில் பேட்டரியே நசுங்கிப்போனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக, ஏர்பேக் கண்ட்ரோல் யூனிட்டுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. அது வடிவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். சில கம்பெனிகளின் கையேடு ஒன்றரை நிமிடம் என்கிறது, சில மூன்று நிமிடம் என்கின்றன. கையேடு சொல்வதைவிடக் குறைவாகக் காத்திருக்கக் காரணமே இல்லை. ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். கழற்றிய ஏர்பேக்கை மூடி மேல்நோக்கி இருக்கும்படிதான் கீழே வைக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது தவறுதலாக விரிந்தால் முழுப் பாகமும் கூரைக்குப் பறக்கும். தூக்கிச் செல்லும்போதும் மூடிப் பக்கம் நம்மை நோக்கி இருக்கக் கூடாது.

இதையெல்லாம் நான் சொல்வது, வீட்டிலேயே ஏர்பேக்கைக் கழற்றுங்கள் என்பதற்காக அல்ல. பட்டறையில் உங்கள் வண்டியில் வேலை நடக்கும்போது, எதைச் செய்கிறார்கள், எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்று பார்த்துப் புரிந்துகொள்வதற்காக. பேட்டரி நெகட்டிவைக் கழற்றாமலேயே ஸ்டீயரிங்கின் நடுப்பகுதியை நெம்புகிற ஒருவரை நீங்கள் தயங்காமல் நிறுத்தலாம்.

பந்தயக் காரைப் போல இருக்கிறது என்று சிறிய ஸ்டீயரிங்கை வாங்கி, பாஸ் கிட் எனப்படும் இணைப்புப் பாகத்தை வைத்து மாட்டி, ஏர்பேக்கை எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்போது மீட்டரில் எரியும் எச்சரிக்கை விளக்கை ஏமாற்ற, ஏர்பேக் இருந்த இடத்தில் 2 ஓம் மின்தடை ஒன்றைப் பற்றவைத்துவிடுகிறார்கள். விளக்கு அணைந்துவிடும். அந்த வண்டியைப் பின்னாளில் வாங்குகிறவர், தனக்கு முன்னால் ஒரு ஏர்பேக் இருக்கிறது என்று நம்பி ஓட்டுவார். இதைச் செய்துதரச் சம்மதிக்கிற பட்டறைக்கு வேறெந்த வேலைக்கும் போகாமல் இருப்பது உத்தமம்.

ஒரே ஒயரில் ஆறு பொத்தான்

இனி ஸ்டீரியோ பொத்தானுக்கு வருவோம். ஒலியைக் கூட்ட, குறைக்க, அடுத்த பாட்டு, முந்தைய பாட்டு, போனை எடுக்க, வைக்க என்று ஆறு பொத்தான் வைத்தால் ஆறு ஒயர் வேண்டும் என்று தோன்றும். கிளாக் ஸ்பிரிங்கின் பட்டையில் அத்தனை கோடு கிடையாது. ஆகவே ஒரே ஒயரில் ஆறையும் அடைத்துவிடுகிறார்கள். செய்முறை மிக எளிது: ஒவ்வொரு பொத்தானுக்கும் பின்னால் வெவ்வேறு அளவுள்ள ஒரு மின்தடை.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு பார்ப்போம். ஸ்டீரியோ தன் உள்ளே 5 வோல்ட்டிலிருந்து 1000 ஓம் மின்தடை வழியாக அந்த ஒயருக்கு மின்சாரம் கொடுத்துவிட்டு, ஒயரில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளந்துகொண்டே இருக்கிறது. எதையும் அழுத்தாதபோது 5 வோல்ட். ஒலியைக் கூட்டும் பொத்தானுக்குப் பின்னால் 330 ஓம் இருந்தால், அழுத்தியவுடன் ஒயரில் ஏறத்தாழ 1.24 வோல்ட் நிற்கும். குறைக்கும் பொத்தானில் 1000 ஓம் என்றால் 2.5 வோல்ட். அடுத்த பாட்டுக்கு 3000 ஓம் என்றால் 3.75 வோல்ட். 1.24 தெரிந்தால் கூட்டு, 2.5 தெரிந்தால் குறை என்று ஸ்டீரியோ நினைவில் வைத்துக்கொள்கிறது. கதவைத் தட்டும் விதத்தை வைத்தே வந்திருப்பது யார் என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடுவார்களே, அதே கதைதான்.

இந்த முறையின் பலவீனமும் அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கூட்டும் பொத்தானின் முனையில் வியர்வையும் அழுக்கும் படிந்து 700 ஓம் கூடுதல் மின்தடை சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 330-உம் 700-உம் சேர்ந்து 1030. ஒயரில் நிற்பது 2.54 வோல்ட். ஸ்டீரியோவுக்கு அது 2.5 போலத்தான் தெரியும். விளைவு, கூட்டு என்று அழுத்தினால் ஒலி குறைகிறது. ஸ்டீரியோ கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போகிறவர்கள், முதலில் பொத்தான் தகட்டைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்துப் பார்க்கலாம்.

அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் மின்தடைக்குப் பதிலாக, ஸ்டீயரிங்குக்குள்ளேயே ஒரு சிறு மின்னணுத் தகடு இருக்கிறது. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை அது எண்களாக மாற்றி, லின் எனப்படும் ஒற்றை ஒயர் வழியாக வினாடிக்கு 20 கிலோபிட் வரையிலான வேகத்தில் அனுப்புகிறது. இத்தகைய ஒயரில் மின்தடை வைத்த பொத்தானை ஒட்டுப்போட்டால் வேலை செய்யாது. மற்றப் பொத்தான்களும் சேர்ந்து நிற்கக்கூடும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஒயரை வெட்டக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அடிப்படை மாடலில் பொத்தான் சேர்ப்பது

பலர் கேட்பது இதைத்தான்: கம்பெனியின் அடிப்படை மாடலை வாங்கியிருக்கிறோம், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டிவிட்டோம், உயர் மாடலில் வரும் ஸ்டீயரிங் பொத்தானைச் சேர்க்க முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் பொத்தான் தகடு மட்டும் வாங்கினால் போதாது. அடிப்படை மாடலின் கிளாக் ஸ்பிரிங்கில் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மட்டுமே கோடுகள் இருக்கலாம். அப்படியானால் உயர் மாடலின் கிளாக் ஸ்பிரிங்கையும் வாங்க வேண்டும். அதன் கீழே, தண்டின் உறைக்குள், டாஷ்போர்டு ஒயரிங்கில் அந்தக் கோடுகளுக்கு உரிய ஒயர் ஸ்டீரியோ வரை வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் எல்லா வண்டிக்கும் ஒரே ஒயரிங்கைப் போட்டு, கப்ளரை மட்டும் காலியாக விட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் வேலை பாதியாகக் குறையும். இல்லாவிட்டால் அரை சதுர மில்லிமீட்டர் ஒயர் இரண்டை உறைக்குள்ளிருந்து ஸ்டீரியோ வரை இழுக்க வேண்டும். சமிக்ஞைக்கு அந்தத் தடிமன் தாராளம். ஸ்டீயரிங்கை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் வசதி உள்ள வண்டியில், இறக்கிய நிலையிலும் ஏற்றிய நிலையிலும் அந்த ஒயர் இறுகாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒயர் கட்டும் டையைப் போட்டு இறுக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய ஸ்டீயரிங்கைப் பொத்தானோடு வாங்கி வருவது வழக்கம். போகும்போது மல்டிமீட்டரையும் எடுத்துப் போங்கள். பொத்தான் தகட்டின் பொது முனையிலும் சமிக்ஞை முனையிலும் மீட்டரை வைத்து, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு ஓம் அளவு, ஆடாமல் நிலையாகக் காட்டினால் தகடு நல்லது. எண் குதித்துக்கொண்டே இருந்தால் விலை பேசுவதற்கு அதுவே வசதி, அல்லது வேறு பார்க்கலாம். பழைய ஏர்பேக்கை மட்டும் எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்ததா, ஏற்கெனவே விரிந்து மறுபடி மூடி ஒட்டியதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. உங்கள் வண்டியின் ஏர்பேக் அந்த ஸ்டீயரிங்கில் பொருந்துகிறதா என்று பார்த்து அதையே மாட்டுவதுதான் முறை.

ஆண்ட்ராய்டு ஸ்டீரியோக்களின் பின்னால் பெரும்பாலும் கீ1, கீ2 என்று இரண்டு ஒயர் விட்டிருப்பார்கள். இடப்பக்கப் பொத்தான்களின் சமிக்ஞை ஒன்றில், வலப்பக்கத்தது மற்றொன்றில். பொது முனை எர்த்தில். இணைத்த பிறகு ஸ்டீரியோவின் அமைப்புகளில் ஸ்டீயரிங் கற்கும் பகுதிக்குப் போய், திரையில் ‘ஒலி கூட்டு’ என்பதைத் தொட்டு ஸ்டீயரிங்கில் அதற்குரிய பொத்தானை அழுத்தினால், முன்பு சொன்ன வோல்ட் கணக்கை அது தானே குறித்துக்கொள்ளும். எர்த்தைக் கையில் கிடைத்த திருகில் மாட்டாமல், ஸ்டீரியோவின் எர்த்திலேயே சேர்ப்பது முக்கியம். இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வித்தியாசம் இருந்தாலும் வண்டி ஓடும்போது பொத்தான்கள் தடுமாறும்.

ஒயர் தேவையே இல்லாத வழியும் இருக்கிறது. ஸ்டீயரிங் ஆரத்தில் கட்டிக்கொள்ளும் வயர்லெஸ் பொத்தான்கள் கடைகளில் கிடைக்கின்றன. உள்ளே நாணய வடிவ பேட்டரி, ஸ்டீரியோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெறும் பெட்டி. அந்தப் பெட்டியே கீ1, கீ2 ஒயரில் சேரும். பேட்டரி மாற்ற வேண்டும், வெயிலில் நின்ற வண்டியில் ஒட்டுப்பசை இளகும் என்ற குறைகள் உண்டுதான். இருந்தாலும், பாட்டு மாற்றுவது மட்டுமே தேவை என்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். ஏர்பேக்கின் பக்கம் யாரும் கையே வைக்க வேண்டியதில்லை என்பதற்கு முன்னால் அந்தக் குறைகள் சிறியவை. வாங்கும்போது அது ரேடியோ அலையில் இயங்குவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்பு ஒளியில் இயங்குவது, ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் பார்வைக்கோடு மறைந்து வேலை செய்யாமல் போகும்.

அதிக மின்னோட்டம் தேவைப்படும் எதையும் கிளாக் ஸ்பிரிங்கின் சமிக்ஞைக் கோட்டில் ஏற்றக் கூடாது. ஸ்டீயரிங்கைச் சூடேற்றும் 60 வாட் கம்பி என்றால் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். கம்பெனியே அதைத் தரும் வண்டிகளில் அதற்கென்று தடித்த கோடு வைத்த தனிக் கிளாக் ஸ்பிரிங் இருக்கும். நம் ஊரில் ஸ்டீயரிங்கைச் சூடாக்கச் சித்திரை வெயிலே போதும் என்பதால் இந்தக் கவலை அதிகம் இல்லை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து தொங்கும் ஒயரோடு ஸ்டீயரிங்கில் சுற்றிக்கொள்ளும் எந்தப் பொருளும் வேண்டவே வேண்டாம். ஏர்பேக் மூடியின் மேல் ஒட்டும் எல்.இ.டி. சின்னங்கள், சாமி படங்கள், போன் தாங்கிகள் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்: பை விரியும்போது அவை நேராக முகத்துக்கு வரும்.

வேலை முடிந்து பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடிகளில் அணைய வேண்டும். அதன்பின் எஞ்சினை இயக்கி, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். வழியெல்லாம் ஹாரனை விட்டு விட்டு அழுத்துங்கள், பக்கத்துக் கடைக்காரர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அப்படியே வலப்பக்கக் கோடி வரை. எந்த இடத்திலும் ஹாரன் விட்டுப்போகக் கூடாது, இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்வோ சரசரப்போ வரக் கூடாது. வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங்கும் நேராக நிற்கிறதா என்று காலி ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஈ.எஸ்.பி. (வண்டி சறுக்காமல் கட்டுப்படுத்தும் அமைப்பு) உள்ள வண்டியாக இருந்தால், ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சார் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்கோடு சேர்ந்தே இருக்கும் என்பதால், அதை ஸ்கேனர் வைத்து மறுபடி பூஜ்ஜியத்தில் நிறுத்தினார்களா என்றும் கேளுங்கள். ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றால், இரண்டு நாளில் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சாவியை வாங்கிவிடாதீர்கள்.